வண்டிக்கடன் கேட்கும் முன் ஒரு பெட்ரோல் கணக்கு



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு குழுவிலிருந்து கடன் விண்ணப்பம் ஒன்று வந்தது. பழைய லோடு வண்டி வாங்க வேண்டுமாம். நாமெல்லாம் ‘குட்டி யானை’ என்று சொல்வோமே, அந்த வண்டிதான். தீர்மானம் ஒழுங்காக எழுதியிருந்தது, பத்துப் பேர் கையெழுத்தும் இருந்தது. சேமிப்பு, பழைய கடன் எல்லாம் சுத்தம். வழக்கமாக இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் கால் மணி நேரத்தில் முடித்து விடுவோம். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு ஊக்குநர்தான், “அக்கா, 2021-ல நடந்தத மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

மறக்கவில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரை எதற்கு என்று புரியும்.

2021 ஜனவரியில் நம் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவருக்கு இதே மாதிரி லோடு வண்டிக்குக் கடன் கொடுத்தோம். வீட்டுக்காரர் ஓட்டுவார். காலையில் நம் ஊர்ப் பக்கத்து மல்லிகையை நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு ஒரு நடை. பிறகு காய்கறி ஏற்றி வத்தலக்குண்டுக்கு ஒரு நடை. போக வர எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர். பூ நடைக்கு 600, காய் நடைக்கு 500, ஆக 1,100 ரூபாய் வாடகை. மாதம் 26 நாள் ஓடினால் 28,600 ரூபாய். நாங்களும் இதைப் பார்த்துவிட்டு, “மாதத் தவணை 4,500 தானே, தாராளமாகக் கட்டலாம்” என்று சொல்லிக் கடனை அனுமதித்தோம்.

செலவை யார் பார்த்தது? வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தது. ஆக நாளைக்கு 5 லிட்டர் டீசல். அந்த ஜனவரியில் சென்னையில் டீசல் 79 ரூபாய் சொச்சம். நம் பக்கம் லாரி வாடகையைப் பொறுத்துக் காசுக் கணக்கில் கொஞ்சம் வித்தியாசம் வரும், அதை விட்டு விடுவோம். 79 ரூபாய் என்றால் நாளைக்கு 395 ரூபாய், மாதத்துக்கு 10,270. ஏற்றுக்கூலி, மார்க்கெட் கட்டணம், டீச்செலவு என்று 3,900. ரிப்பேருக்கும் டயருக்கும் ஒதுக்கியது 3,000. தவணை 4,500. எல்லாம் போகக் கையில் நின்றது 6,930 ரூபாய். குடும்பம் ஓடிவிடும்.

அதன் பிறகு டீசல் ஏற ஆரம்பித்தது. இடையில் மே, ஜூன் மாதங்களில் கொரோனா ஊரடங்கு வேறு. அக்டோபர் கடைசியில் சென்னையில் டீசல் 102 ரூபாய். பத்து மாதத்தில் 23 ரூபாய் ஏற்றம்! வாடகை மட்டும் அதே 1,100. இப்போது டீசலுக்கே மாதம் 13,260 போனது. கையில் நின்றது 4,000-த்தைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு டயர் மாற்ற வேண்டி வந்தது. தவணை ஒன்று, இரண்டு, மூன்று என்று தவறியது. குழுக் கூட்டத்துக்கு வருவதையே அந்த உறுப்பினர் நிறுத்திவிட்டார்.

அவர் சோம்பேறியில்லை, வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஒரு நாள் வண்டி நின்றதில்லை. கணக்குப் பார்க்காமல் கடன் கொடுத்தது நாங்கள்தான். வண்டி விலையைக் கேட்டோம், வருமானத்தைக் கேட்டோம். டீசல் ஏறினால் என்ன செய்வாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

பூ விலை தெரியும் நமக்கு. முகூர்த்தம் வந்தால் ஏறும், மழை வந்து வரத்து கூடினால் விழும். பெட்ரோல், டீசல் விலையும் சந்தை விலைதான். ஆனால் அந்தச் சந்தை நம் நாட்டில் இல்லை. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதைப் பெரும்பாலும் டாலரில்தான் வாங்க வேண்டும். ஆகவே எண்ணெய் விலை ஏறினாலும் நமக்குச் செலவு, எண்ணெய் விலை அப்படியே இருந்து ரூபாய் மதிப்பு இறங்கினாலும் நமக்குச் செலவு. அதைச் சுத்திகரித்து, பங்க்கு வரை கொண்டு வந்து, பங்க்காரருக்குக் கமிஷன் சேர்த்து, அதற்கு மேல் மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி இரண்டும் ஏறும்.

முன்பெல்லாம் விலையை அரசாங்கமே சொல்லும். பெட்ரோல் விலைக்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு 2010 ஜூன் மாதம் எடுக்கப்பட்டது. டீசலுக்கு 2014 அக்டோபரில் எடுத்தார்கள். 2017 ஜூன் 16 முதல் தினம் ஒரு விலை என்று நாடு முழுக்க வந்தது. பெயருக்குத்தான் தினம் ஒரு விலை. 2021 நவம்பரில் இருந்து 2022 மார்ச் 22 வரை நாலரை மாதம் விலை அசையவே இல்லை. அசைய ஆரம்பித்த பிறகு இரண்டே வாரத்தில் 10 ரூபாய் ஏறிவிட்டது. ஆக, “ஆறு மாசமா ஒரே விலைதானக்கா” என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொன்றும் நம்மில் பலர் கேட்கிறார்கள். “உலகத்துல எண்ணெய் விலை விழுந்தாலும் நமக்கு மட்டும் ஏன் குறையல?” நல்ல கேள்வி. 2020-ல் கொரோனா வந்து உலகமே முடங்கியபோது கச்சா எண்ணெய் விலை படுத்துவிட்டது. அப்போது மத்திய அரசு கலால் வரியைக் கூட்டியது. மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்கு மேலும் 10, டீசலுக்கு 13. குறைந்திருக்க வேண்டிய விலை வரியாகப் போனது. பிறகு கச்சா எண்ணெய் விலை திரும்ப ஏறியபோது அந்த வரியும் சேர்ந்து நம் தலையில் உட்கார்ந்தது. 2021-ல் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. நவம்பரில் தீபாவளியை ஒட்டி மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைத்தது. 2022 மே மாதம் மறுபடி 8-ம் 6-ம் குறைந்தது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் இறங்கி, சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசுக்கு வந்தது.

இந்தக் கட்டுரையில் இனி வரும் கணக்குக்கு பெட்ரோல் 100 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். நீங்கள் படிக்கிற நாளில் உங்கள் பங்க்கில் என்ன விலையோ அதைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

“நூறு ரூபாய்க்குப் போடுங்க”

நாம் பெட்ரோலை லிட்டரில் வாங்குவதில்லை. அரிசியைக் கிலோவில் வாங்குகிறோம், பாலை லிட்டரில் ஊற்றுகிறோம். பெட்ரோலை மட்டும் 50-க்குப் போடு, 100-க்குப் போடு என்கிறோம். இதில்தான் விலையேற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2010 ஜூனில் சென்னை விலை 56 ரூபாய் சுமார். 100 ரூபாய் கொடுத்தால் 1 லிட்டர் 780 மில்லி கிடைத்தது. இப்போது அதே 100-க்கு ஒரு லிட்டர். கொடுக்கிற நோட்டு ஒன்றுதான். முன்பு நான்கு நாள் வந்தது இப்போது இரண்டு நாளில் தீர்கிறது, அவ்வளவுதான். “வண்டி பெட்ரோல் குடிக்குது, மெக்கானிக்கிட்ட காட்டணும்” என்று பேசுகிறோம். வண்டி அதே அளவுதான் குடிக்கிறது.

எங்கள் ஆலோசனை சின்னதுதான். ஒரு மாதம் மட்டும் லிட்டர் கணக்கில் போடுங்கள். வண்டி மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். மீட்டர் ஓடாத வண்டி என்றால், ஊரிலிருந்து பங்க் எத்தனை கிலோமீட்டர், சந்தை எத்தனை என்று தெரியாதா என்ன? ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் வந்துவிடும். கடைக்காரர் சொல்கிற மைலேஜ் காலி ரோட்டில் ஒற்றை ஆள் ஓட்டியது. நாம் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு பிள்ளை வைத்து மண் ரோட்டில் ஓட்டுகிறோம்.

வீட்டில் எந்தப் பயணம் நிற்கிறது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்று குழுக்களில் உறுப்பினர்களின் வீட்டுச் செலவு நோட்டைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பெட்ரோல் விலை ஏறிய மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் பெட்ரோல் செலவு மொத்தத்தில் ஏறவில்லை. அப்படியென்றால் எங்கேயோ ஓட்டம் குறைந்திருக்கிறது. எங்கே? வீட்டு ஆண்களின் பைக் தினமும் ஓடியிருக்கிறது. வேலைக்கு, டீக்கடைக்கு, ரெண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பர் வீட்டுக்கு. நின்றுபோனது நம்முடைய எக்ஸ்.எல். வண்டியும் ஸ்கூட்டியும். அம்மா வீட்டுக்குப் போவது தள்ளிப் போனது. “ரத்தக் கொதிப்பு மாத்திரை அடுத்த வாரம் வாங்கிக்கலாம்” என்று ஆனது. குழுக் கூட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தவர்களும் உண்டு. யாரும் நம்மைப் போகாதே என்று சொல்லவில்லை. நாமே, “எதுக்கு வீணா பெட்ரோலு” என்று நிறுத்திக் கொண்டோம்.

2021 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது வந்திராவிட்டால் நம்மில் பலர் பாடு இன்னும் திண்டாட்டம்தான். நூறு நாள் வேலைக்கும், தாலுகா ஆபீசுக்கும், ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸிலேயே போய் வருகிறோம். ஆனால் காலை ஒன்று, மாலை ஒன்று என்று பஸ் வருகிற ஊர்களில் அதை நம்பிப் பூ எடுத்துப் போக முடியுமா? பஸ் இருக்கிற நேரத்துக்குப் பஸ், இல்லாத நேரத்துக்கு வண்டி என்று பிரித்துக் கொண்டவர்கள்தான் நன்றாகச் சமாளித்திருக்கிறார்கள். வீட்டில் பெட்ரோலுக்கு மாதம் இவ்வளவு என்று ஒதுக்கி, அதில் உங்கள் பயணத்துக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுங்கள். சண்டை போட வேண்டாம். நோட்டைக் காட்டினால் போதும். ஒரு உறுப்பினர் வீட்டில் நோட்டைப் பார்த்த அவர் வீட்டுக்காரர், “இவ்வளவா ஓடியிருக்கேன்?” என்று அவரே ஆச்சரியப்பட்டாராம்.

ஆளுக்கொரு வண்டியா, ஐந்து பேருக்கு ஒரு வண்டியா?

நம் ஊரில் முன்பு பூ போடும் ஐந்து பேர் ஐந்து எக்ஸ்.எல்.லில் தனித்தனியாக நிலக்கோட்டை போவார்கள். போக வர 44 கிலோமீட்டர். மூட்டை ஏற்றிய வண்டி ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஐந்து பேருக்கும் சேர்த்து இன்றைய விலையில் நாளைக்கு 500 ரூபாய். லோடு வண்டி அதே தூரத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர் டீசலில் பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டையை ஏற்றிப் போகிறது. ஆளுக்கு 50 அல்லது 60 கொடுத்தால் போதும்.

கணக்கில் சேர்ந்து போவதுதான் லாபம். ஆனால் கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது. மல்லிகைக்கு நேரம்தான் விலை. ஒருத்தர் பறித்து முடிக்க அரை மணி நேரம் தாமதமானால் அத்தனை பேர் பூவும் தாமதம். இதனால் ஒரே மாதத்தில் மதினி நாத்தனாருக்குள் பேச்சுவார்த்தை நின்ற கதையும் நம் ஊரில் உண்டு. இப்போது வண்டி கிளம்பும் நேரம் இதுதான், அதற்குள் வராத மூட்டைக்குக் காத்திருக்க மாட்டோம் என்று முடிவாகியிருக்கிறது. பூ குறைவாக இருக்கும் மாதங்களில் லோடு வண்டி பாதி காலியாகப் போகும், அப்போது வாடகை கட்டுப்படியாகாது. அந்த மாதங்களில் இரண்டு எக்ஸ்.எல்.லில் முறை வைத்துப் போய் வருகிறார்கள். எப்போதும் ஒரே வழிதான் என்று இல்லை.

எந்த வண்டி?

விலை ஏறியவுடன் மக்கள் வண்டியை மாற்றுவதில்லை, மாற்றவும் முடியாது. முதலில் ஓட்டத்தைக் குறைப்பார்கள். அடுத்த வண்டி வாங்கும்போதுதான் விலை அவர்கள் முடிவில் தெரியும். அதற்குள் விலை மாறிப் போயிருக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் டீசல் கார். 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஏறியது. டீசல் விலை அப்போது அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது, பெட்ரோலை விட 30 ரூபாய் போலக் குறைவு. எல்லோரும் டீசல் காருக்கு ஓடினார்கள். விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் என்று ஆனது. டீசல் காருக்கு விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். இருந்தாலும் லிட்டருக்கு 30 ரூபாய் மிச்சம் என்ற கணக்கில் வாங்கினார்கள். 2014-ல் டீசல் கட்டுப்பாடு எடுபட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. இப்போது நம் மாநிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 8 ரூபாய் சொச்சம்தான். 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு பி.எஸ்.6 என்று கடுமையானதும் டீசல் எஞ்சின் விலை இன்னும் கூடியது. சில கம்பெனிகள் டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டன. மிச்சம் பிடிக்கலாம் என்று கூடுதல் பணம் போட்டவர்களில் குறைவாக ஓட்டியவர்களுக்குப் போட்ட பணம் திரும்பி வரவில்லை.

நாம் கார் வாங்கப் போவதில்லை என்று நினைக்காதீர்கள். இதே கணக்குதான் இன்று மின்சார ஸ்கூட்டருக்கும். கூட்டத்துக்குக் கூட்டம், “கரண்ட் வண்டி வாங்கலாமாக்கா?” என்று கேட்கிறார்கள்.

ஒரு எக்ஸ்.எல். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் செலவு. ஸ்கூட்டி 40 கொடுத்தால் இரண்டரை ரூபாய். மின்சார ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 20 அல்லது 25 காசுதான். கேட்டவுடன் வாங்கிவிடத் தோன்றும். பொறுங்கள். உதாரணத்துக்கு, எக்ஸ்.எல்.லை விட மின்சார ஸ்கூட்டர் 50,000 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். ஒருவர் தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். எக்ஸ்.எல்.லில் மாதம் 1,200 ரூபாய் பெட்ரோல். மின்சாரத்தில் 120, 130 ரூபாய். மிச்சம் சுமார் 1,070. அந்தக் கூடுதல் 50,000-ஐயும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், வட்டியோடு அடைந்து வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டரை வருஷம் போதும். தினம் 8 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மாத மிச்சம் 430 ரூபாய். முதல் மாத வட்டியே 500! அவருக்கு அந்தக் கூடுதல் பணம் திரும்பவே திரும்பாது.

ஆக மின்சார வண்டி யாருக்கு? ஊர் ஊராகச் சென்று சேலை விற்கும், பலகாரம் போடும், பால் ஊற்றும் சகோதரிகளுக்கு. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போகிறவருக்கு இல்லை. வாங்குபவர்கள் பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச் சொல் உதவாது. சர்வீஸ் கடை பக்கத்து டவுனில் இருக்கிறதா, வண்டி நின்றால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். நன்றாக ஓடினால் இரண்டு மாத கரண்ட் கணக்கில் 100 யூனிட் போலக் கூடும், அதனால் உங்கள் பில் அடுத்த கட்டணப் படிக்கு ஏறலாம். அதையும் பாருங்கள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று விற்கும் வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாதவை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடச் சரி. மூட்டை ஏற்றி மேட்டில் ஏற அது உதவாது.

2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. அப்போது வண்டி எடுத்த சிலர் மானியத்தை மட்டும் பார்த்தார்கள், மைலேஜைப் பார்க்கவில்லை. மானியம் ஒரு முறைதான் வரும், பெட்ரோல் தினமும் போட வேண்டும்.

ஓட்டுவதிலும் இருக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடும். வாரம் ஒரு முறை காற்றுப் பாருங்கள், பங்க்கில் அதற்குக் காசு இல்லை. மத்திய அரசின் எரிபொருள் சிக்கன அமைப்பான பி.சி.ஆர்.ஏ. மணிக்கு 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொல்கிறது. முறுக்கி முறுக்கிப் பிரேக் போடுவதில்தான் பாதி பெட்ரோல் போகும். ரயில்வே கேட்டில் நின்றால் எஞ்சினை அணைத்து விடுங்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். நாலு ரூபாய் மிச்சத்துக்குக் கை கால் போய்விடும். பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் போடச் சொல்லாதீர்கள். அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவு ஜாடியில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

அந்த வண்டி என்ன ஆனது?

2021 அக்டோபரில் நாங்கள் மூன்று பேர் அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். வாடகையைக் கூட்டிக் கேட்க வேண்டியதுதானே என்றோம். “நம்ம ஆளுககிட்டயே எப்படிக்கா கூடக் கேக்குறது? பூ போடுறவுக எல்லாம் நம்ம குழு ஆளுகதான?” என்றார். அதுவும் உண்மைதான். அவர் நஷ்டத்தில் வண்டி ஓட்ட, மற்ற உறுப்பினர்கள் பழைய வாடகையில் பூ அனுப்பிக் கொண்டிருந்தோம்.

அவரையும் பூ, காய் போடுகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தோம். முதலில் சத்தம்தான். “எங்களுக்கு மட்டும் பூ விலை கூடியிருக்கா?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயம்தான். பிறகு இப்படி முடிவானது. 79 ரூபாயை அடிப்படையாக வைத்து, டீசல் ஒவ்வொரு 5 ரூபாய் ஏறும்போதும் அன்றைய மொத்த வாடகையில் 25 ரூபாய் கூடும். நாளைக்கு 5 லிட்டர்தானே, ஆகவே அவருக்குக் கூடுதல் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பன்னிரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 2 ரூபாய் சொச்சம். டீசல் இறங்கினால் அதே கணக்கில் குறைய வேண்டும். இதை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். டீசல் 100 ரூபாயைத் தாண்டியிருந்ததால் வாடகை 100 ரூபாய் கூடியது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, தீபாவளிக்கு டீசல் 91-க்கு இறங்கியது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே வந்து 50 ரூபாய் குறைத்துக் கொண்டார். அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. 2022 ஏப்ரலில் மறுபடி 100-ஐத் தாண்டியபோது வாடகை தானாக ஏறியது, ஒரு வார்த்தை சண்டை இல்லை. தவறிய தவணைகளை எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்.

இப்போது வந்திருக்கும் விண்ணப்பத்துக்கு வருவோம். அதை நாங்கள் தள்ளுபடி செய்யவில்லை. வண்டிக் கடன் படிவத்தில் நான்கு கேள்வி புதிதாகச் சேர்த்து, திருப்பிக் கொடுத்திருக்கிறோம். தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதில் காலியாகத் திரும்பும் தூரம் எவ்வளவு? லிட்டருக்கு 20 ரூபாய் ஏறினால் தவணை போகக் கையில் என்ன நிற்கும்? வாடகையை ஏற்றி இறக்க யாரோடு என்ன பேசி வைத்திருக்கிறீர்கள்? அந்தக் குழுவின் பிரதிநிதி முதலில் கோபித்துக் கொண்டார். “மத்த கடனுக்கெல்லாம் இப்படிக் கேக்கலையே” என்றார். 2021 கதையைச் சொன்னதும் படிவத்தை வாங்கிக் கொண்டு போனார். வரும் மாதக் கூட்டத்தில் பரிசீலனைக்கு வருகிறது.

லோடு வண்டி, ஆட்டோ, ஸ்கூட்டர் என எந்தக் கடன் வாங்கி ஓட்டிக் கொண்டிருக்கும் உறுப்பினரும், இந்த மாதம் ஓடிய கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் ஒரு தாளில் எழுதி, கூட்டத்துக்கு முன்பே உங்கள் ஊக்குநரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பங்க் ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்தால் போதும், நாங்கள் கூட்டிக் கொள்கிறோம்.